எழுநூறும் ஆயிரத்து நானூறும்

துஷ்யந்தி மறுபடியும் மலைக்குக் கொழுந்தெடுக்க வரப்போகிறாள் என்ற செய்தி, அது முடிவாவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, தெல்கஸ்தென்ன தோட்டத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொண்டு வந்தவள் பிரேமலதா. ஆறாம் நம்பர் லயத்தில் அவள் வீட்டுக்கும் துஷ்யந்தி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. ஆகவே பிரேமலதா கொண்டுவரும் செய்தியில் பிழை இருக்காது. கைச்சேர்மானம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

"பாவம்ங்க. மூணு வருசமா கதிரையில ஒக்காந்து பழகுன ஒடம்பு. கூடையத் தூக்குனா இடுப்பு என்னாத்துக்கு ஆகும்?" என்று குடத்தை நிரப்பியபடி வருத்தப்பட்டாள். வருத்தம் உண்மையானதுதான். அதற்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷம், சோற்றுக்குள் ஒளித்து வைத்த கருவாடு மாதிரி, வாசம் காட்டிக்கொண்டு கிடந்தது.

துஷ்யந்தியின் அந்தப் பேர்பெற்ற கதிரை இருந்தது பெக்டரியில், தூள் தரம் பிரிக்கும் அறையில். அங்கே இரண்டாள் உயரத்துக்கு ஒரு மெஷின் நின்றது. மேலிருந்து தேயிலைத் தூள் அருவியாகக் கொட்டும். கேமரா அதைப் பார்க்கும். தூளுக்குள் வெளிறிய காம்பு எங்கே இருக்கிறதென்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். உடனே ஒரு காற்றுக்குழல் 'புஸ்' என்று ஊதி அந்தக் காம்பை மட்டும் வேறு பக்கம் தள்ளிவிடும். எல்லாம் கண் இமைப்பதற்குள். மெஷின் வந்து இருபத்தைந்து வருஷம். கம்ப்யூட்டருக்கும் அதே வயசு. மெஷினைச் செய்த கொம்பனி எப்போதோ மூடிப்போயிற்று. கேமராவை இணைக்கிற கார்ட் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் பொருந்தாது. அதனால் கடையில் புதுசாக ஒன்றை வாங்கி வைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கம்ப்யூட்டரின் யோசனை மெதுவாகிவிட்டதா என்றால், இல்லை. அது அன்று யோசித்த மாதிரிதான் இன்றும் யோசிக்கிறது. தோட்டத்துக்குத்தான் அவசரம் கூடிப்போயிற்று. மணிக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் கொட்டினால் காம்பெல்லாம் கம்ப்யூட்டரைத் தாண்டித் தூளோடு ஓடிவிடுகிறது. தோட்டத்து மேனேஜரான பெரியதுரை ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றார், சிங்களத்தில் சொன்னார், பிறகு தமிழிலும் சொன்னார்:

"மணிக்கு இருநூறு கிலோ வேணும். அடுத்த வெள்ளி காலைல பாப்போம். இல்லாட்டி இத பழைய இரும்புக்குக் குடுத்திட்டு, தூள கலவான பெக்டரிக்கு அனுப்புறது. நீங்க பீல்டுக்குப் போங்க, துஷ்யந்தி. வேற என்ன செய்ய?"

துஷ்யந்தி வேறொரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அப்புறம்தான் கிருஷாந்தைக் கட்டிக்கொண்டு, அவனுடைய திரீவீலிலேயே ஏறித் தோட்டத்துக்கு வந்தாள். முதல் ஆறு மாசம் கூடை தூக்கினாள். ஒரு நாள் இந்த மெஷின் நின்றுபோய், பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கொழுந்து நிறுக்க வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு வயரைக் கழற்றி மாட்டி ஓடவிட்டாள். அன்று கிடைத்த கதிரை. லயத்தில் பிறந்த பெண் ஒருத்தி பெக்டரியில் மெஷின் ஒப்பரேட்டர் என்பது அந்தப் பக்கத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. அதை அவள் லேசில் விடுவதாக இல்லை.

"இருநூறு ஓடும் துரை. மூளைய மாத்துனா ஓடும்" என்றாள்.

அந்தக் கம்ப்யூட்டரின் மூளை வேறொரு கார்ட்டில் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. அடி விளிம்பில் பொன்னிறமாக வரிசைப் பற்கள். பழையதைப் பிடுங்கிவிட்டு, அதே பள்ளத்தில் இன்னும் வேகமான மூளையுள்ள கார்ட்டைச் சொருகலாம். ஒரு காலத்தில் பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கென்றே விற்ற சாமான். இப்போது தேடித்தான் எடுக்க வேண்டும்.

அவள் தேடப் போனது றக்வான பஜாரில் அஸீஸ் நானாவின் கடைக்கு. ரேடியோ, போன், ரைஸ் குக்கர் எதுவானாலும் திறந்து பார்க்கிற மனுஷன். மூடுவதில்தான் கொஞ்சம் தாமதம். பின்னறையில் மூன்று பெட்டி நிறையப் பழைய கம்ப்யூட்டர்ச் சாமான் வைத்திருந்தார். துஷ்யந்தி ஒரு பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்து கிளறினாள். பக்கத்தில் ஒரு எண்பது பக்கக் கொப்பி. பழைய கார்ட்டின் வேகம் இருநூற்று அறுபத்தாறு. பெட்டிகளிலிருந்து ஐந்நூறில் ஒன்று வந்தது, எழுநூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வேகம், எவ்வளவு சூடாகும், மேலே குட்டி விசிறி வேண்டுமா, பெக்டரிக் கம்ப்யூட்டர் அதற்குத் தேவையான மின்சாரத்தைக் கொடுக்குமா என்று கட்டம் போட்டு எழுதினாள்.

"ஆயிரம் ஈக்கக்கொள எழுநூற ஏன் மகள் தூக்குறீங்க?" என்று அஸீஸ் கேட்டார்.

"விசிறி இல்லாம ஓடுறது இது ஒன்னுதான் நானா. மேல பாருங்க, எவ்வளவு பெரிய அலுமினியக் கட்டி. சூட்ட அதுவே கக்கிரும்."

"விசிறி ஈந்தா நல்லந்தானே?"

"நம்ம பெக்டரிக்கு வந்து பாருங்க, தெரியும்."

பெக்டரியில் அவளுடைய அறை ஜன்னல் விளிம்பில் செத்த விசிறிகள் ஏழு வரிசையாக இருந்தன. தேயிலைத் தூள் பறக்கிற அறையில் பழுப்பாக ஒரு பஞ்சு மிதக்கும். கொழுந்தின் மேல் இருக்கிற மெல்லிய மயிர்தான் அது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து, காசளவு விசிறிக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். ஏழு விசிறியையும் அப்படித்தான் கொன்றது. ஆகவே கொப்பியில் பஞ்சுக்கும் ஒரு கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தாள். எழுநூறுக்கு மணிக்கு இருநூற்று முப்பது கிலோ ஓடும். துரை கேட்டது இருநூறு. அதற்கு மேல் ஓடி யாரிடம் பரிசு வாங்க?

அஸீஸ் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தாள். எழுநூறு சட்டென்று எழுந்து நின்றது. "ஓடினா ஒரு பொட்டலம் நல்ல தேயில கொண்டு வாங்க. ஓடலேண்டா கார்ட்ட கொண்டு வாங்க" என்று அஸீஸ் வழியனுப்பினார்.

இதற்குள் கொழும்பிலிருந்து இன்னொரு கார்ட் புறப்பட்டுவிட்டது. தலைமைக் காரியாலயத்தில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பான பிரசாந் சேர் அதை முன்பே இன்டர்நெட்டில் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்திருந்தார். சாவகச்சேரிக்காரர், படித்தவர், கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவதில் அவருக்கு இருந்த ஆசைதான் கொஞ்சம் அளவு மீறியது. செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து கார்ட்டை எல்லோருக்கும் காட்டினார். அதன் தலையில் நீல வெளிச்சத்தோடு ஒரு குட்டி விசிறி.

"ஆயிரத்து நானூறு" என்றார், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்கிற மாதிரி.

துஷ்யந்தி தன் கார்ட்டையும் மேசையில் வைத்தாள். அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"உது எழுநூறெல்லோ?"

"ஆமாங்க சேர்."

"எழுநூறு பெரிசோ ஆயிரத்து நானூறு பெரிசோ? முதலாம் வகுப்புப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும், தங்கச்சி."

"பெருசு அதுதாங்க சேர். ஆனா இந்த அறையில பஞ்சு பறக்கும். அந்த விசிறி தாங்காதுங்க."

"நீர் பயப்பிடாதையும். இது ஜப்பான் விசிறி." பெட்டியை மூடினார். "வெள்ளிக்கிழமை ரெண்டையும் போட்டுப் பாப்பம். நான் நியாயமான ஆள்."

அன்று சாயந்திரம் பிரேமலதா ஒரு காரியம் செய்தாள். இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கிற கறுப்புத் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைக் கழுவி, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள்.

"ஒன்னோட படங்கு கிழிஞ்சிருக்கும்ல புள்ள. மூணு வருசமாச்சே. இத வச்சுக்க. எனக்கு ரெண்டு இருக்கு."

துஷ்யந்திக்குச் சுருக்கென்றது. வாங்கவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். "குடுங்க அக்கா. எதுக்காவது ஆகும்" என்று வாங்கிக்கொண்டாள். பிரேமலதா அந்தச் செய்தியை அப்படியே பீலிக்கரைக்குக் கொண்டுபோனாள்: "வாங்கிக்கிருச்சு! கேக்குறதுக்கு முன்னாடியே கைய நீட்டிருச்சு!"

புதன்கிழமை ஆயுத பூசை. பெக்டரியில் அன்று மெஷினெல்லாம் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். பூசை போடுகிறவர் பழனியாண்டி. மற்ற நாளில் உலைக்கு விறகு போடுகிறவர். ரோலருக்கு, சல்லடைக்கு, தராசுக்கு, துரையின் ஜீப்புக்கு, எல்லாவற்றுக்கும் அவர் கையால்தான் சந்தனம், குங்குமம். அவருக்கு ஒரு கொள்கை உண்டு: எதற்கும் நெற்றி என்று ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்துத்தான் பொட்டு வைக்க வேண்டும். ஜீப்புக்கு எது நெற்றி என்பதில் டிரைவரோடு அவர் ஒரு வருஷம் பேசாமல் இருந்ததுண்டு.

பிரசாந் சேர் தன் பெட்டியைத் திறக்க விடவில்லை. "மேல வையுங்கோ, காணும்" என்றார். பெட்டியின் மூடிக்கு மட்டும் பொட்டு விழுந்தது. துஷ்யந்தி தன் கார்ட்டை மேசையில் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துவிட்டு, சுண்டல் கிண்டுகிற இடத்துக்குக் கைகொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது கார்ட் துணியில் சுற்றி ராக்கைத் தட்டில் பத்திரமாக இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. பெரியதுரை, டீமேக்கர், பிரசாந் சேர், வாசலில் பழனியாண்டி. அவருக்குப் பின்னால், துரை வேலை நேரத்தில் எதற்கு வந்தாய் என்று கேட்க முடியாதபடி கையில் ஒரு விளக்குமாற்றோடு பிரேமலதா. பந்தயம் இதுதான்: ஒவ்வொரு கார்ட்டுக்கும் இரண்டு மணி நேரம். மணிக்கு இருநூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை சுத்தமான தூளில் நூறு கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டி, தப்பி வந்த காம்பை எண்ண வேண்டும். பத்துக்கு மேல் போகக் கூடாது. எண்ணுகிற யோசனை துஷ்யந்தியுடையது. கம்ப்யூட்டர் தன்னைப் பற்றி என்ன சொன்னாலும், காம்பு பொய் சொல்லாது என்பது அவள் கணக்கு.

"உம்மடைய கார்ட் முதல்ல போகட்டும்" என்றார் பிரசாந் சேர், பெருந்தன்மையாக.

சொருகினாள். மூடியை மாட்டினாள். சுவிட்சைத் தட்டினாள்.

திரை கறுப்பு.

நிறுத்தினாள். பிடுங்கி மறுபடி சொருகினாள். தட்டினாள். கறுப்பு. 'பீப்' என்ற சத்தம்கூட இல்லை. திங்கட்கிழமை அஸீஸ் கடையில் ஓடிய கார்ட். தன் கண்ணால் பார்த்தது.

"எழும்பேல்லை" என்றார் பிரசாந் சேர். மெதுவாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பெரியதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மத்தத போடுங்க."

ஆயிரத்து நானூறு உள்ளே போனது. நீல வெளிச்சம் எரிந்தது. தட்டிய உடனே திரை மலர்ந்தது. அதுவரை தொண்ணூறில் தவழ்ந்துகொண்டிருந்த மெஷின், தன்னால் ஆன உச்சமான இருநூற்று அறுபதில் பாய்ந்தது. தூள் அருவி மாதிரி இல்லை, குழாய் வெடித்த மாதிரிக் கொட்டியது. காற்றுக்குழல்கள் பட்டாசுக் கட்டு மாதிரி வெடித்தன. அரை மணியில் எண்ணியபோது காம்பு ஆறு. துரை தலையாட்டினார். வாசலில் விளக்குமாறு ஒரு பக்கமாகச் சாய்ந்து, செய்திக்கு வார்த்தை கோத்துக்கொண்டு நின்றது.

துஷ்யந்தி தன் கார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். கார்ட்டை முகத்துக்கு நேரே தூக்கி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். அப்போதுதான் மூக்கில் பட்டது.

சந்தன வாசம்.

இன்னும் கிட்டக் கொண்டுபோய் மோந்தாள். சந்தேகமே இல்லை. பொன்னிறப் பற்களின் மேல் மங்கலாக ஒரு படலம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மஞ்சளாகக் காய்ந்துபோன கோடுகள்.

"பழனியாண்டி அண்ணே!"

வாசலில் நின்றவர் திடுக்கிட்டார். "என்னாம்மா?"

"புதன்கெழம இதுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வச்சேன். வைக்காம? ஒன்னோட சாமானுக்கு வைக்காம இருப்பேனா? மத்ததுக்கு ஒரு பொட்டுன்னா ஒனக்கு மூணு வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"நெத்தியிலதான்."

"இதுக்கு நெத்தி எதுன்னு நெனச்சீங்க?"

பழனியாண்டி உள்ளே வந்து, விரலால் அந்தப் பொன் வரிசையை நீளத்துக்கும் காட்டினார். "இதுதான? மத்த எடமெல்லாம் பச்ச, கறுப்பு. இது ஒன்னுதான் பட்டை போட்டாப்ல பளபளன்னு இருந்துச்சு. நல்லா நெய் விட்டுக் கொழச்ச சந்தனம்மா. பெறகு நீ ஏசுவன்னு துண்டால தொடச்சும் வச்சேன்."

டீமேக்கர் இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரசாந் சேரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, கம்ப்யூட்டர் பேசுறது இந்தப் பல்லாலதாங்க. நீங்க வாய அடைச்சுட்டீங்க."

"ஐயோ முருகா" என்றார் பழனியாண்டி. அவர் முகம் உலைச் சாம்பலாகிவிட்டது. "ஏம்மா, அப்ப நாந்தான் ஒன்னய மலைக்கு அனுப்புறேனா?"

"யாரும் எங்கயும் போகல. அந்த மருந்துப் பெட்டியில ஸ்பிரிட் இருக்கு, எடுத்துட்டு வாங்க. ஒரு ரப்பரும் வேணும், பென்சில் அழிக்கிறது."

டீமேக்கர் சட்டைப் பையிலிருந்தே ரப்பரைக் கொடுத்தார். துஷ்யந்தி பல் பல்லாகத் தேய்த்தாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். மறுபக்கம் திருப்பி அங்கேயும் தேய்த்தாள். பழனியாண்டி பக்கத்தில் குந்தி, பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து நீட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மெஷினின் சத்தம் மாறியது.

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. மூன்று வருஷம் அதோடு குடித்தனம் பண்ணினவளுக்குப் பிடிபட்டது. பட்டாசு இடையிடையே விட்டு வெடித்தது. ஒரு மணி நேரம் முடிந்து எண்ணியபோது காம்பு பதினேழு. பிரசாந் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். பத்தொன்பது.

"கொஞ்சம் பொறுங்கோ..." என்று மூடியைத் திறந்தார். நீல வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் பழுப்பு நிறத்தில் பஞ்சு, குருவிக்கூடு மாதிரிக் கட்டியிருந்தது. விசிறி அதற்குள்ளிருந்து திணறித் திணறி ஒரு சுற்று வந்தது, அரைச் சுற்று வந்தது, நின்றது. திரையில் படம் உறைந்துபோயிற்று. காற்றுக்குழல்கள் ஒரே நேரத்தில் மௌனமாகின. தூள் மட்டும் காம்பும் தானுமாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. டீமேக்கர் ஓடிப்போய்த் தூள் கொட்டுகிற வாயை அடைத்தார்.

ஜன்னல் விளிம்பில் இருந்த ஏழு செத்த விசிறிகளைப் பிரசாந் சேர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"இது எட்டாவதோ?" என்றார்.

"ஜப்பான்ல இருந்து வந்தது இதுதாங்க சேர் மொதல்" என்றாள் துஷ்யந்தி. அடக்கமாகத்தான் சொன்னாள். அடக்கம் அவ்வளவு அழகாக இருந்ததை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை.

சூடு ஆறட்டும் என்று கால் மணி விட்டார்கள். எழுநூறு உள்ளே போனது. அவள் சாமியைக் கூப்பிடவில்லை. பழனியாண்டி இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவிட்ச்.

'பீப்.'

திரை மலர்ந்தது. வேகத்தை ஏற்றினாள். நூற்று ஐம்பது. இருநூறு. இருநூற்று இருபது. இருநூற்று முப்பத்திரண்டில் வந்து நின்றது. கொப்பியில் போட்ட கணக்குக்கு இரண்டு கிலோ கூடுதல். அரை மணியில் காம்பு ஐந்து. ஒரு மணியில் நாலு. பதினொரு மணிக்கு வந்த தேநீரை யாரும் உட்கார்ந்து குடிக்கவில்லை. எல்லோரும் வெள்ளைத் தாளைச் சுற்றி நின்றே குடித்தார்கள். ஒன்றரை மணியில் ஐந்து. பெரியதுரை தானே குனிந்து எண்ணினார். இரண்டு மணி முடிந்தபோது நாலு.

துஷ்யந்தி மூடியைத் திறந்து காட்டினாள். அலுமினியக் கட்டியின் மேல் லேசாகப் பஞ்சு. வாயால் ஒரு ஊது ஊதினாள். பறந்து போய்விட்டது.

"ஷா! மரு வெடக், நங்கி!" என்றார் பெரியதுரை. சிங்களத்தில், அசத்தலான வேலை தங்கச்சி என்று அர்த்தம். துரை வாயில் 'மரு' என்ற சொல் வந்து அந்தப் பெக்டரியில் யாரும் கேட்டதில்லை. அது பஜாரில் பையன்கள் கிரிக்கெட்டுக்குச் சொல்கிற வார்த்தை. "மெஷின் இங்கயே இருக்கும். நீங்களும் இங்கயே இருங்க. கலவான பெக்டரிக்கு போன் பண்ணி, அவங்க தூள இங்க அனுப்பச் சொல்லுறேன்."

பிரசாந் சேர் தன் கார்ட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கொப்பிய ஒருக்காக் காட்டும்" என்றார். கட்டங்களைப் பார்த்தார். பஞ்சு என்று தலைப்பிட்ட கட்டத்தில் விரலை வைத்தார். "இப்பிடி ஒரு நிரல் நான் போடவேயில்லை. மற்ற ரெண்டு பெக்டரியிலயும் இதே மெஷின் நிக்குது. அங்கையும் வந்து பாத்து, எந்தக் கார்ட் எண்டு நீர்தான் சொல்லோணும்."

"வாறேங்க சேர். திரீவீல் நம்ம வீட்டிலயே இருக்கு" என்றாள்.

விளக்குமாறு அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் பீலிக்கரையில் வேறு செய்தி: "நான் அப்பவே சொன்னேன், அது சாதாரணப் புள்ள இல்லன்னு. செவத்துக்கு அந்தப் பக்கம் அது கொப்பியில எழுதுறது எனக்குக் கேக்கும்ங்க!" கொப்பியில் எழுதுவது எப்படிக் கேட்கும் என்று யாரும் கேட்கவில்லை. சந்தோஷமான நேரத்தில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

சாயந்திரம் அஸீஸ் நானாவுக்குப் பொட்டலம் போனது, ஒன்றல்ல, இரண்டு. பழனியாண்டி பெக்டரியை விட்டுப் போகாமல் நின்று, மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டார்: "அப்ப அடுத்த வருசம் இதுக்கு நெத்தின்னு எத வச்சுக்கிறது?" துஷ்யந்தி வெளித்தகட்டில், எந்த வயருக்கும் எட்டாத உயரத்தில், சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாள். அவர் தள்ளி நின்று பார்த்து, பொருத்தமான நெற்றிதான் என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு அவள் பையிலிருந்து பிரேமலதா கொடுத்த கறுப்புப் படங்கை எடுத்து உதறினாள். வேலை முடிந்த நேரத்தில் பஞ்சு இறங்காமல் இருக்க, கம்ப்யூட்டரின் தலையோடு போர்த்தி, இடுப்பில் கட்டுகிற அந்தக் கயிற்றாலேயே சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலையில் பீலிக்கரையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"நீங்க குடுத்த படங்கு நல்லா ஒழைக்குது அக்கா. இன்னொன்னு இருக்குன்னீங்களே, அதயும் தர்றீங்களா? மத்த ரெண்டு பெக்டரிக்கும் வேணும்."